லாபம், இரண்டு, மூன்று

வியாழக்கிழமை, மதியம் இரண்டரை. தண்டர் பே.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
அடித்தளத்து ஆய்வகத்துக்குச் சன்னல் இல்லை,
ஆறாம் மேசைக்கு ஒரு கால் குட்டை.
அதன் அடியில் மடித்த பேருந்துச் சீட்டொன்றை
எங்களுக்கு முன்னால் யாரோ வைத்துப் போயிருக்கிறார்கள்.

நூலின் முனையில் பித்தளைக் குண்டு.
கவ்வியிலிருந்து குண்டின் நடுவரை
தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு சென்டிமீட்டர்.
கைசா லெஹ்டினென் அளவுகோலைப் பிடிக்கிறாள்,
நான் ஒரு கண்ணை மூடிப் படிக்கிறேன்.
ரேடியேட்டர் மேல் காயும் அவள் கம்பளிக் கையுறையிலிருந்து
நனைந்த ஆட்டின் வாடை.

கொஞ்சம் இழு. விடு. இருபது அலைவு. நேரம்.
பாடப்புத்தகம் பூமியை ஒரே எண்ணில் முடித்துவிட்டது.
நாங்கள் பூமியிடமே கேட்க வந்திருக்கிறோம்,
கேட்பதற்குப் பத்து மதிப்பெண்.

முப்பத்தெட்டு நொடி.
மறுபடி, முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.
மறுபடி, முப்பத்தேழு புள்ளி ஒன்பது.
இத்தனை ஒற்றுமையாய் வருவது
தப்பாய் இருக்குமா என்ன?
கால்குலேட்டர் சொன்னது: பத்து புள்ளி எட்டு ஏழு.

ஒபின்னா வந்தான். ஆய்வகத்துக்குள்ளும்
பனிக்கோட்டைக் கழற்றாத ஆராய்ச்சி மாணவன்.
"உங்கள் மேசைக்கு அடியில் மட்டும் பூமி கனமோ?"
கேட்டுவிட்டு ஏழாம் மேசைக்குப் போய்விட்டான்.

ஏழாம் மேசையில் நூல் இன்னும் கட்டவே இல்லை.
ஒன்பது புள்ளி எட்டு ஒன்று
கைபேசியிலிருந்து நோட்டுக்கு இறங்கியாயிற்று.
அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு
நொடிகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.
கைசா அந்தப் பக்கம் பார்த்தாள். நானும்.
கொஞ்சம் அதிக நேரமே பார்த்தோம்.

நூலை அளந்தோம், சரி.
கடிகாரத்தைச் சுவர்க்கடிகாரத்தோடு ஓடவிட்டோம், சரி.
கவ்வி ஆடவில்லை. கோணமும் சின்னதுதான்.
"இந்த முறை வாய்விட்டு எண்ணு," என்றாள் கைசா.

விட்டேன்.
"லாபம்."
குண்டு போய்த் திரும்பியது.
"இரண்டு."

கையை நீட்டிக் குண்டைப் பிடித்துவிட்டாள்.
"அந்த முதல் சொல் என்ன?"

அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.
தட்டுகளை வண்டியில் ஏற்றும்போது
ஒன்று என்று தொடங்கவே மாட்டார்.
நெல் அளந்த கை யாருடையதோ,
வாய் மட்டும் கடல் தாண்டி வந்திருக்கிறது.
போன கோடையில் கூடவே வேலைக்குப் போனதில்
எனக்கும் ஒட்டிக்கொண்டது.

தட்டுக்கு அது சரி.
கையில் எடுத்த முதல் தட்டு முழுத் தட்டு.
ஊசலோ, விடும்போது இன்னும் எதுவுமே செய்திருக்கவில்லை.
நடக்காத ஓர் அலைவை மூன்று முறையும்
லாபத்தில் எழுதியிருக்கிறேன்.
பத்தொன்பதை இருபது என்று நம்பிப்
பூமியும் கனத்துப் போயிருக்கிறது.

இதைச் சொல்லி முடிக்க நாலு நிமிடம் ஆயிற்று.
கைசா சிரிக்கவில்லை.
"நோல்லா," என்றாள். "எங்கள் வீட்டு ஃபின்னிஷில் பூஜ்யம்.
விடும்போது அதைச் சொல்."

அழிக்கக் கூடாது என்பது ஆய்வக விதி.
பிழையின் மேல் ஒற்றைக் கோடு,
அடியில் இருப்பது படிக்கக் கிடைக்க வேண்டும்.
மூன்று வரிக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டேன்.
ஓரத்தில் காரணம்: எண்ணிக்கை ஒன்றில் தொடங்கிவிட்டது.
லாபம் என்று எழுத
இடமும் இல்லை, துணிச்சலும் இல்லை.

நோல்லா. ஒன்று. இரண்டு.
நாற்பது புள்ளி ஒன்று.
ஒன்பது புள்ளி ஏழு ஆறு.
இன்னும் கொஞ்சம் குறைகிறது,
என் கட்டைவிரலின் தயக்கமாக இருக்கலாம்.
கூட்டல் கழித்தல் குறியோடு எழுதிவிட்டோம்.
ஒபின்னா கையெழுத்திட்டான்.
ஏழாம் மேசைக்கும் கையெழுத்திட்டான்.

ஐந்தரைக்கு வெளியே வந்தபோது இருட்டு.
பேருந்து நிறுத்தத்துச் சரிவில்
புதுப் பனிக்கு அடியில் பழைய பனிக்கட்டி.
பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
விழத் தொடங்கிய அந்தக் கணமே
பின்னாலிருந்து கைசா, வாய்விட்டு:

"நோல்லா."